ஆப்பிரிக்க சஃபாரிக்கு எந்த மாதம் போவது? மழை, குளிர், புழுதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் தெற்கு ஆப்பிரிக்காவுக்கும் சில தடவை போய் வந்தவன் என்பதால், கிளம்பும் நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் என்னிடம் கேள்வி கேட்பார்கள். பெரும்பாலும் விமான டிக்கெட் எடுத்த பிறகுதான் கேட்பார்கள். அதற்குள் மாதம் முடிவாகியிருக்கும், என்னால் குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும்தான் சொல்ல முடியும். டிக்கெட்டுக்கு முன்னால் படிப்பதற்காக இதை எழுதி வைக்கிறேன்.

ஆப்பிரிக்கா என்றாலே வெயில்தானே? எந்த மாதம் போனால் என்ன?

வெயில் என்று நினைத்துப் பருத்திச் சட்டையோடு போய் இறங்கி, விடியற்காலையில் பல் கிட்டித்தவர்கள் நிறையப் பேர். நைரோபி கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். கென்யாவின் மசாய் மாரா காப்பகம் நம் ஏற்காட்டு உயரத்தில் தொடங்குகிறது. தான்சானியாவின் இங்கோரோங்கோரோ பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கும் விடுதிகள் ஊட்டி உயரத்தில் இருக்கின்றன.

மழைக்கணக்கும் நாட்டுக்கு நாடு வேறு. சூரியன் வடக்கும் தெற்கும் நகர, அதன் பின்னாலேயே ஒரு மழைப்பட்டை நகர்கிறது. கென்யாவும் வடக்குத் தான்சானியாவும் பூமத்திய ரேகையை ஒட்டி இருப்பதால் அந்தப் பட்டை வருடத்துக்கு இரண்டு முறை அவற்றைக் கடக்கிறது. மார்ச் முதல் மே வரை பெருமழை, சுவாஹிலியில் மசிகா. நவம்பர், டிசம்பரில் சிறுமழை, அதற்கு வூலி என்று பெயர். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும் அதே நாட்களில் நைரோபியிலும் குடை விரிகிறது. தெற்கே தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, ஜாம்பியா, நமீபியா பக்கம் போனால் மழை ஒரே தவணைதான்: ஏறக்குறைய நவம்பரிலிருந்து மார்ச் வரை. மே முதல் செப்டம்பர் வரை காய்ந்த குளிர்காலம். ஆக, ‘ஆப்பிரிக்காவுக்கு எந்த மாதம் நல்லது’ என்று கேட்டால் பதில் கிடையாது. என்ன பார்க்க வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள், ஊரையும் மாதத்தையும் அப்புறம் பார்க்கலாம்.

எல்லோரும் ஜூலை முதல் அக்டோபர் என்கிறார்களே, ஏன்?

தண்ணீர்தான் காரணம். மழை நின்று இரண்டு மாதத்தில் குட்டைகள் வற்றிவிடும். மிச்சமிருக்கும் ஆறும் ஊற்றும் தேடி யானை, வரிக்குதிரை, இம்பாலா மான் எல்லாம் வந்தாக வேண்டும். அவை வரும் இடத்தில் சிங்கம் சும்மா படுத்திருந்தால் போதும். புதர்கள் இலை உதிர்ந்து, புல் மட்கிக் கிடப்பதால் நம் கண்ணுக்கும் வேலை குறைவு. தான்சானியாவின் தரங்கிரேயில் ஆகஸ்ட், செப்டம்பரில் ஆற்றோரமாக யானைக்கூட்டம் வரிசை கட்டும். மழை பிடித்ததும் அதே இடம் வெறிச்சோடிவிடும். நமீபியாவின் எட்டோஷாவில் இன்னும் சுலபம். காரை ஒரு நீர்க்குட்டை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தால் விலங்குகள் முறைபோட்டு வந்து குடித்துவிட்டுப் போகும்.

இதற்கு விலை உண்டு. ஒன்று புழுதி: சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் செம்மண் வரும். இன்னொன்று கூட்டம். ஒரு சிறுத்தை மரத்தில் தெரிந்தால் கீழே இருபது வண்டி நிற்கும்.

வில்டபீஸ்ட் கூட்டம் ஆற்றைக் கடப்பதை எப்போது பார்க்கலாம்?

இதற்காகத்தான் பாதிப் பேர் போகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தான்சானியாவின் செரெங்கெட்டி, அதை ஒட்டிய கென்யாவின் மாரா வட்டாரத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வில்டபீஸ்ட்களும் (மாடு மாதிரி இருக்கும் பெரிய மான்கள்) கூடவே லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் கெசல் மான்களும் வருடம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. இந்த வலசைக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது. அவை மழையின் பின்னால் போகின்றன, அவ்வளவுதான். தென்கிழக்குப் புல்வெளியில் வருடத்துக்குச் சுமார் 500 மி.மீ. மழைதான், வடக்கே மாரா பக்கம் ஆயிரத்தைத் தாண்டும். விக்டோரியா ஏரி பக்கத்தில் இருப்பதால் வறண்ட ஆகஸ்டிலும் மாராவில் சில பிற்பகல்களில் இடியோடு மழை கொட்டும். தெற்கே புல் கருகியதும் கூட்டம் வடக்கே வருவது இதனால்தான்.

தோராயமான கணக்கு இது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை தெற்கே இந்துட்டு பக்கம். ஏப்ரல், மே மாதங்களில் மேற்கும் வடமேற்குமாக நகரும். ஜூன் வாக்கில் குருமேட்டி ஆறு. ஜூலை நடுவிலிருந்து அக்டோபர் வரை மாரா ஆறு. நவம்பரில் மறுபடி தெற்கு நோக்கி. மழை முந்தினாலோ பிந்தினாலோ இந்தக் கணக்கு இரண்டு மூன்று வாரம் இடறும்.

ஆற்றங்கரையில் நான் ஒரு முறை காலை ஒன்பது மணியிலிருந்து காத்திருந்தேன். எதிர்க்கரையில் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. முன்னால் நின்ற ஒன்று தண்ணீர் வரை இறங்கி, முகர்ந்து, நின்றது. பின்னால் இருப்பவை தள்ளுகின்றன. எங்கள் வண்டியில் யாரும் மூச்சு விடவில்லை. ஒரு வரிக்குதிரை எதற்கோ மிரண்டு திரும்ப, மொத்தக் கூட்டமும் திரும்பிக் கரையேறிவிட்டது. இப்படி நான்கு தடவை. மதியம் ஒன்றரைக்கு, நாங்கள் கட்டுச்சோற்றைப் பிரித்த நேரம் பார்த்து, திடீரென்று பொத்துக்கொண்டு இறங்கின. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அன்று கிளம்பிப் போனவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஒரே ஒரு நாளை மாராவுக்கு ஒதுக்கிவிட்டு ஆறு கடப்பதைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது: குறைந்தது மூன்று இரவு, முடிந்தால் நான்கு.

பள்ளி விடுமுறை ஏப்ரல், மேயில்தான். அப்போது கென்யா போகலாமா?

அதிகம் வரும் கேள்வி இது. சிறு குழந்தைகளோடு என்றால் வேண்டாம் என்பது என் கட்சி. ஏப்ரல்தான் அங்கே மழையின் உச்சம்.

மழை என்றால் வானத்திலிருந்து விழுவதைச் சொல்லவில்லை. அது பெரும்பாலும் பிற்பகலில் வந்துவிட்டு ஓய்ந்துவிடும். மண்ணைச் சொல்கிறேன். மாராவின் பல பகுதிகளிலும் செரெங்கெட்டியின் மேற்கிலும் இருப்பது கரிசல். கோவில்பட்டிப் பக்கம் மழைநாளில் கரிசல் காட்டில் நடந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. செருப்பு ஒரு கிலோ கனக்கும். அங்கேயும் அதைப் பருத்தி மண் என்றுதான் சொல்கிறார்கள். ஒரு மே மாதம் முதல் வாரத்தில், ‘லேசான தூறல்தான் சார்’ என்று ஏற்பாடு செய்தவர் சொன்னதை நம்பிப் போனோம். இரண்டாம் நாள் ஒரு ஓடையைத் தாண்டி ஏறும்போது லேண்ட் குரூசரின் பின்சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது. டிரைவர் கதவைத் திறக்கும் முன்னால் பைனாகுலரை எடுத்து நாலு பக்கமும் நிதானமாகப் பார்த்தார். அப்புறம்தான் காலைக் கீழே வைத்தார். ஜாக்கி வைத்தால் ஜாக்கியும் சேற்றுக்குள் போகிறது. ஒரு பலகையை அடியில் கொடுத்து, ரேடியோவில் கூப்பிட்டு, இன்னொரு வண்டி வந்து கயிறு போட்டு இழுக்க இரண்டு மணி நேரம். கூட வந்த மைத்துனர் மகளுக்கு அந்தப் பயணத்தில் நினைவிருப்பது அந்தச் சேறு மட்டும்தான்.

சேறு வேடிக்கை, வெள்ளம் அப்படியில்லை. 2024 ஏப்ரல், மே பெருமழையில் கென்யா முழுக்கப் பெருஞ்சேதம். மே 1 அன்று தாலெக் ஆறு கரை புரண்டு மாராவின் பல முகாம்களுக்குள் புகுந்தது. பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். அவ்வளவு மோசம் ஒவ்வொரு வருடமும் இல்லை. ஆனாலும் ஆற்றோரக் கூடார முகாம்கள் சில ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் மூடியே இருக்கும்.

மே விடுமுறைதான் உங்களுக்குக் கிடைக்கும் என்றால், விமானத்தை இன்னும் தெற்கே விடுங்கள். தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் மே மாதம் அருமை: மழை ஓய்ந்திருக்கும், பகலில் இதமான வெயில், அங்கத்திய பள்ளி விடுமுறைக் கூட்டம் இன்னும் தொடங்கியிருக்காது. புல் கொஞ்சம் உயரமாக இருக்கும், அது ஒன்றுதான் குறை. தார்ச்சாலை உண்டு, சொந்தமாகக் கார் ஓட்டியும் பார்க்கலாம். ‘சஃபாரி என்றால் கென்யா’ என்ற பிடிவாதத்தைத் தளர்த்தினால் ஏப்ரல், மே பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

அப்படியானால் மழைக்காலத்தில் போவதே வீணா?

இல்லவே இல்லை. என் மனதுக்கு நெருக்கமான மாதம் பிப்ரவரி. தென் செரெங்கெட்டியை ஒட்டிய இந்துட்டு புல்வெளியில் வில்டபீஸ்ட்கள் கன்று ஈனும் காலம் அது. அந்த மண்ணில் ஓல் டோய்ன்யோ லெங்காய் போன்ற எரிமலைகளின் சாம்பல் படிந்திருப்பதால் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டியது அதுதான். சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கான கன்றுகள் பிறந்துவிடுகின்றன. எல்லாம் ஒரே சமயத்தில் பிறப்பதால் கழுதைப்புலிக்கும் சிவிங்கிப்புலிக்கும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும், கூட்டம் பிழைத்துக்கொள்ளும். கன்று விழுந்த சில நிமிடங்களில் நாலு காலும் நாலு திசைக்குப் போக எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து ஓடத் தொடங்கிவிடும்.

பறவை பார்ப்பவர்களுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் உண்மையான சீசன். ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வலசைப் பறவைகள் வந்திருக்கும், உள்ளூர்ப் பறவைகள் கல்யாணக் கோலத்தில் இருக்கும். அக்டோபர், நவம்பரில் நாகாலாந்தில் கூட்டம் கூட்டமாகத் தங்கிப் போகும் அமுர் வல்லூறுகள் அரபிக் கடலைக் கடந்து தென் ஆப்பிரிக்காவுக்குத்தான் வருகின்றன. புகைப்படக்காரர்களும் மழைக்காலத்தை விரும்புவார்கள். கழுவிவிட்ட காற்று, கருமேகத்துக்குக் கீழே மஞ்சள் வெயில், பின்னணியில் பச்சை.

மழைக்காலத்தில் போகக் கூடாத இடம் ஒன்றும் உண்டு: ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா. ஆறு பொங்கிச் சாலைகள் மூழ்குவதால் பல முகாம்களை நவம்பர், டிசம்பரிலேயே மூடிவிடுவார்கள். அங்கே நடந்தே காடு பார்க்கும் சஃபாரிக்கு ஜூன் முதல் அக்டோபர் வரைதான் சரி.

நவம்பர் சிறுமழை எவ்வளவு தொந்தரவு?

வழக்கமான வருடத்தில் பெரிய தொந்தரவு இல்லை. மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்யும். காலையிலேயே சுற்றிவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதற்குள் முடிந்துவிடும்.

ஒகவாங்கோவில் வறண்ட காலத்தில் வெள்ளம் என்கிறார்களே, அது எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த புதிர் இது. போட்ஸ்வானாவில் மழை மார்ச்சோடு நின்றுவிடும். ஆனால் ஒகவாங்கோ கழிமுகத்தில் தண்ணீர் நிறைவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அந்தத் தண்ணீர் உள்ளூர் மழையல்ல. அங்கோலா மேட்டுநிலத்தில் ஜனவரி வாக்கில் பெய்த மழை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஊர்ந்து, நாணல் காட்டில் வடிகட்டி, மாதக்கணக்கில் நடந்து வந்து சேர்கிறது. கடலைத் தொடுவதே இல்லை. கலஹாரி மணலிலும் வெயிலிலுமே தீர்ந்துபோகிறது. சுற்றிலும் காடு காய்ந்து கிடக்கும்போது இங்கே மட்டும் தண்ணீர் ஏறுவதால் விலங்குகளெல்லாம் இங்கே வருகின்றன. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாக இதைச் சேர்த்தார்கள்.

மரத்தைக் குடைந்த ஓடம் மாதிரியான ‘மொகோரோ’வில் அல்லிப்பூக்களுக்கு நடுவே போக ஆசை என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட். அக்டோபரில் போனால் பல வாய்க்கால்களில் ஓடத்துக்குத் தண்ணீர் போதாது. வெயிலும் மண்டையைப் பிளக்கும்.

அதோடு விக்டோரியா அருவியையும் சேர்த்துவிடலாமா?

சேர்க்கலாம், ஆனால் அருவியும் விலங்கும் ஒரே மாதத்தில் உச்சத்துக்கு வராது. ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில் ஓடும் ஜாம்பேசி ஆற்றில் நீர் பெருகுவது ஏப்ரல், மே மாதங்களில். உள்ளூர்ப் பெயரே ‘இடிமுழங்கும் புகை’. அந்தச் சமயத்தில் புகையை மட்டும்தான் பார்ப்பீர்கள், அருவி சாரலுக்குள் மறைந்திருக்கும், நீங்கள் தொப்பலாக நனைந்திருப்பீர்கள். அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா பக்கம் பெரும்பாலும் வெறும் பாறை. இரண்டுக்கும் நடுவே ஜூலை, ஆகஸ்டைப் பிடித்தால் அருவியும் கண்ணுக்குத் தெரியும், பக்கத்திலிருக்கும் போட்ஸ்வானாவின் சோபே பூங்காவில் யானைகளும் ஆற்றோரம் கூடத் தொடங்கியிருக்கும். அக்டோபர், நவம்பரில் போகிறவர்கள் ஜிம்பாப்வே பக்கத்திலிருந்து பார்ப்பது நல்லது.

கிளிமஞ்சாரோவுக்கு முன்னால் யானை நிற்கிற படம் எடுக்க வேண்டும்.

கென்யாவின் அம்போசெலி பூங்கா. ஜனவரி, பிப்ரவரி அல்லது ஜூன் முதல் அக்டோபர் வரை. எந்த மாதமானாலும் விடிந்து ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் மேகம் 5,895 மீட்டர் மலையை மொத்தமாக மூடிவிடும். மறுபடி திறக்கும் என்று மாலைவரை காத்திருந்து, சில நாள் ஏமாந்திருக்கிறேன். மலையிலிருந்து நிலத்தடியில் இறங்கும் நீர் அங்கே சதுப்பாகத் தேங்குவதால், கடும் வறட்சியிலும் யானைகள் இடுப்பளவு பச்சையில் நிற்கும்.

குளிருக்கு என்ன எடுத்துக்கொள்வது?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாராவில் விடிகாலை 10, 12 டிகிரி. இங்கோரோங்கோரோ விளிம்பில் அதைவிடக் குறைவு, பனிமூட்டம் வேறு. குரூகரில் ஜூலைக் காலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். அங்கே தனியார் முகாம்களில் வண்டி மேலும் பக்கமும் திறந்தது, ஓடும்போது அடிக்கிற காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு அதே இடத்தில் வியர்க்கும். ஆகவே ஒரு கனமான கோட்டைவிட, ஒவ்வொன்றாகக் கழற்றக்கூடிய மூன்று உடுப்புகள் மேல். குரங்குக் குல்லாய் எடுத்துப் போங்கள். யார் சிரித்தாலும் பரவாயில்லை, இரண்டாம் நாள் அவர்களே இரவல் கேட்பார்கள்.

நீலமும் கறுப்பும் வேண்டாம். தரங்கிரே, மேற்கு செரெங்கெட்டி பக்கம் செட்சி ஈ உண்டு. அந்த நிறங்கள் அதற்குப் பிடிக்கும். அதைப் பிடிக்க வைக்கும் பொறித்துணிகூட நீலமும் கறுப்பும்தான். ஜீன்ஸ் துணிக்கு மேலேயே கடிக்கும்.

கொசு, மலேரியா, ஊசி?

மழையும் மழைக்கு அடுத்த வாரங்களும்தான் கொசுவுக்குக் கொண்டாட்டம். தெற்கே குளிர்காலத்தில் மலேரியா அபாயம் நன்றாகக் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. எந்த மாத்திரை என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவிலேயே மலேரியா இல்லாத மதிக்வே, பிலனெஸ்பர்க் பூங்காக்கள் உண்டு. அங்கேயும் சிங்கம், யானை, காண்டாமிருகம் எல்லாம் இருக்கின்றன.

கென்யா போய் இந்தியா திரும்ப மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். கிளம்ப 10 நாளுக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும். சென்னைக்காரர்களுக்கு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. இதைக் கடைசி வாரத்தில் நினைத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

பருவத்துக்குப் பருவம் செலவு எவ்வளவு மாறும்?

நன்றாகவே மாறும். மாரா தேசியக் காப்பகத்தில் 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். நான்கு நாள், கணவன் மனைவி என்றால் கட்டணத்திலேயே 800 டாலர் வித்தியாசம். விடுதி வாடகையும் அதே ஏணியில்தான் ஏறும். நான் கணக்குப் போட்டுப் பார்த்த வரையில் காசுக்கு ஏற்ற மாதம் ஜூன்: மழை ஓய்ந்திருக்கும், மாராவில் குறைந்த கட்டணம். மாரா ஆற்றைக் கடப்பது மட்டும் கிடைக்காது.

சிறு விமானத்தில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பை 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பை. மழைக்காலத்தில் மண் ஓடுதளம் நனைந்திருந்தால் விமானம் வேறு தளத்தில் இறங்கும் அல்லது தாமதமாகும். நாடு திரும்பும் விமானத்தை அதே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தக் கணக்கெல்லாம் மாறவே மாறாதா?

மாறும். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதி வழக்கத்தைவிடச் சூடாகும் வருடங்களில் ‘சிறுமழை’ பெருமழையாகிவிடும். 1997இலும் 2019இலும் அப்படித்தான் ஆனது. எதிர்த்திசையில், 2020 கடைசியிலிருந்து 2022 வரை கிழக்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் தொடர்ந்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தன. 2022 பிப்ரவரி முதல் அக்டோபர் வரை மட்டும் 205 யானைகள் செத்ததாகக் கென்ய அரசே கணக்குச் சொன்னது. மூன்று மாதத்துக்கு முந்திய முன்னறிவிப்பைப் பார்த்துத் தேதி குறிப்பதில் அர்த்தமில்லை, ஆனால் பருவநிலைக் கண்ணோட்டம் வெளியானதும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தேதி மாற்ற அனுமதிக்கும் விடுதியாகப் பதிவு செய்யலாம்.

ஒரே ஒரு தடவைதான் போவோம், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. ஒரு தேதி சொல்லுங்கள்.

செப்டம்பர் கடைசி, காலாண்டுத் தேர்வு விடுமுறை. மாராவில் நான்கு இரவு. வில்டபீஸ்ட் கூட்டம் இன்னும் வடக்கே இருக்கும், ஆகஸ்ட் நெரிசல் கொஞ்சம் வடிந்திருக்கும். ஜனவரியிலேயே பதிவு செய்தால் ஆற்றுக்குப் பக்கத்து முகாம் கிடைக்கும். தேர்வு அட்டவணை தள்ளிப்போய் அக்டோபர் பாதிக்கு மேல் ஆகிவிட்டால் மட்டும் மாராவை விட்டுவிட்டுத் தான்சானியப் பக்கம் வட செரெங்கெட்டியில் தங்குங்கள். அந்த நேரத்தில் கூட்டம் திரும்பி அந்த வழியாகத்தான் இறங்கிக்கொண்டிருக்கும்.